வரப்புப் புல்லில் வளருது, நம்ம கதிரில் பால் குடிக்குது!



போன சம்பா அறுவடை முடிந்த பிறகு நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், உறுப்பினர் அக்கா ஒருவர் ஒரு கை நெல்லைக் கொண்டுவந்து நம் முன்னால் கொட்டினார். "பாருங்கம்மா, முக்காவாசி கருக்கா. குழுவுல கடன் வாங்கி அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தேன். 12 மூட்டை வரும்னு நெனச்சேன், 8 மூட்டைதான் தேறிச்சு. மருந்தும் அடிச்சேன். ஆனா என்ன பூச்சின்னே எனக்குத் தெரியல" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நெல்லை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தோம். மணியின் மேல் சின்னச் சின்னதாகப் பழுப்புப் புள்ளி. உமியை உரித்தால் உள்ளே அரிசி சுருங்கிக் கிடக்கிறது. சிலதில் அரிசியே இல்லை. "சாயங்காலம் வயலுக்குள்ள போனா ஒரே நாத்தமா இருந்துச்சா?" என்று வயதான அம்மா ஒருவர் கேட்டார். "ஆமாம்மா, மூட்டைப்பூச்சிய நசுக்கின மாதிரி நாத்தம்" என்றார் அக்கா. அதோடு புதிர் அவிழ்ந்தது. கதிர் நாவாய்ப்பூச்சிதான்!

கூட்டத்தில் இருந்த பாதிப் பேருக்கு அந்தப் பூச்சியின் பெயர் தெரியவில்லை. பெயர் தெரிந்தவர்களுக்கும் அது எங்கே பிறக்கிறது, எங்கே வளருகிறது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம். இந்தப் பூச்சியின் சொந்த ஊர் நெல் வயல் இல்லை. புல்தான் அதன் சொந்த ஊர். இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி!

ஆளை அடையாளம் காண்போமா?

வளர்ந்த பூச்சி ஒன்றரை சென்டிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். உடம்பு ஒல்லி, தென்னை ஈர்க்கின் துண்டு போல. நிறம் பச்சையும் பழுப்பும் கலந்தது. கால்கள் நீளம், தலையில் உள்ள உணர்கொம்புகளும் நீளம். கதிரின் மேல் அசையாமல் உட்கார்ந்தால் அதுவும் ஒரு நெல் தாள் போலவே தெரியும். நாம் பக்கத்தில் போனால் சட்டென்று பறந்து நாலடி தள்ளிப் போய் உட்காரும். பயந்தாலோ, கையில் பிடித்தாலோ நாற்றம் விடும். அதன் உடம்பில் இதற்கென்றே சுரப்பி இருக்கிறது.

அதற்குக் கடிக்கிற வாய் கிடையாது. ஊசி மாதிரி ஒரு உறிஞ்சுகுழல்தான் உண்டு. நெல்லின் இரண்டு உமியும் சேருகிற இடுக்கில் அந்த ஊசியை விட்டு, உள்ளே இருக்கும் பாலை உறிஞ்சிவிடும். நமக்கு அரிசியாக வேண்டிய பால் அது.

புல்லில் தொடங்கும் குடும்பம்

கோடையில் வயல் காய்ந்து கிடக்கும்போது இந்தப் பூச்சி எங்கே போகிறது? மர நிழல், புதர், வாய்க்கால் கரைப் புல் ஆகிய இடங்களில் ஒதுங்கி, அதிகம் அசையாமல் காலம் கழிக்கிறது. முதல் மழை பெய்து புல் துளிர்த்ததும் சுறுசுறுப்பாகிவிடும். புல் கதிர் விட்டால் அதற்குக் கொண்டாட்டம். புல்லின் விதையிலும் பால் பிடிக்கும் அல்லவா? அதைக் குடித்து, அங்கேயே முட்டையிட்டு, ஒன்றிரண்டு தலைமுறை பெருகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பூக்கிற நெல்லைத் தேடி வயலுக்குள் வருகிறது.

குதிரைவாலிப் புல் இதற்கு மிகவும் பிடித்த புல்களில் ஒன்று. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கதிர் விடுகிற பல வகைப் புல்களில் இது வாழும். சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியப் பயிர்களையும் விடாது. மானாவாரியில் சிறுதானியம் போடும் தோழிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

முட்டை முதல் பெரிய பூச்சி வரை

தாய்ப்பூச்சி இலையின் மேல்பக்கத்தில், நடு நரம்பை ஒட்டி, வரிசை வரிசையாக முட்டை வைக்கும். ஒரு தடவையில் 10 முதல் 20 முட்டை வரை இருக்கும். பாசிமணியைத் தட்டையாக்கி ஒட்டிய மாதிரி தெரியும். வைத்தவுடன் வெளிறிய மஞ்சளாக இருக்கும், பிறகு கறுத்துக்கொண்டே போகும். ஒரு தாய் தன் ஆயுளில் 200 முட்டைக்கு மேல்கூட வைக்கும்.

5 முதல் 8 நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வரும். கவனியுங்கள் தோழிகளே, இந்தப் பூச்சிக்குப் புழு நிலையும் கிடையாது, கூட்டுப்புழு நிலையும் கிடையாது. குஞ்சு பிறக்கும்போதே அம்மாவின் சாயலில்தான் இருக்கும். இறக்கை மட்டும் இருக்காது. இளம்பச்சை நிறத்தில் இருப்பதால் பச்சைக் கதிரில் கண்ணுக்கே தெரியாது. 5 தடவை சட்டை உரித்து, சுமார் மூன்று வாரத்தில் இறக்கை முளைத்த பெரிய பூச்சியாகிவிடும். ஆக, முட்டை முதல் பெரிய பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். பெரிய பூச்சி அதன் பிறகும் ஒரு மாதம், இரண்டு மாதம், சில நேரம் அதற்கு மேலும் உயிரோடு இருக்கும்.

இப்போது நெல்லின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெல் பூக்கும்போது தாய்ப்பூச்சி வந்து முட்டை வைக்கிறது. ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கிறது. நெல்லிலும் பூத்த ஒரு வாரம் போலத்தான் பால் பிடிக்கத் தொடங்குகிறது. குழந்தை பிறக்கிற நேரத்தில் பால் தயார்! குஞ்சும் குடிக்கிறது, தாயும் குடிக்கிறது. பூத்த ஒரு மாதத்தில் நெல் அறுவடைக்கு வரும்போது குஞ்சுகள் எல்லாம் இறக்கை முளைத்துத் தயாராக நிற்கும். நம் வயலை அறுத்ததும் அவை எங்கே போகும்? பிந்தி நட்ட பக்கத்து வயலுக்குத்தான். அங்கேதான் இப்போது பால் பிடிக்கிறது. ஒரு பூச்சி நம் எல்லோருக்கும் பொதுவான பிரச்சினையாவது இப்படித்தான்.

எல்லாக் கருக்காயும் இதனால்தானா?

இல்லை. பூக்கிற நேரத்தில் அடைமழை பிடித்தாலும் நெல் பதராகும். சத்துக் குறைந்தாலும் பதராகும். முழுக் கதிரும் வெளுத்து நெட்டுக்குத்தலாக நின்று, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டு துளைப்பான் வேலை. அதற்கு வைத்தியம் வேறு.

நாவாய்ப்பூச்சி என்றால் கதிரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள் பாதிக்கப்பட்டிருக்கும். ஊசி குத்திய இடத்தில் பழுப்புப் புள்ளி இருக்கும். அந்த ஓட்டை வழியாகப் பூஞ்சணமும் நுழைந்து மணியைக் கறுப்பாக்கும். பால் கொஞ்சம் கெட்டியான பிறகு குத்தினால் மணி முழுப் பதராகாது. ஆனால் அரிசியில் கறை விழும், அரைக்கும்போது உடைந்து குருணையாகும். களத்தில் தூற்றும்போதும் நஷ்டம், ரைஸ் மில்லிலும் நஷ்டம்.

எப்போது பார்ப்பது, எப்படி எண்ணுவது?

உச்சி வெயிலில் போய்ப் பார்த்து, "பூச்சியே இல்லையே" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். வெயில் ஏறினால் இது தூருக்கும் புல்லுக்கும் இறங்கி ஒளிந்துகொள்ளும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னும், மாலை 4 மணிக்குப் பிறகும்தான் கதிரில் உட்கார்ந்திருக்கும். நாம் பால் கறக்கிற நேரம்தான் அதுவும் பால் குடிக்கிற நேரம்!

வயலுக்குள் 10 இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 10 கதிரைப் பாருங்கள். மொத்தம் 100 கதிர் ஆயிற்று. பெரிய பூச்சி, குஞ்சு இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள்.

பூக்கும் சமயத்தில் 100 கதிருக்கு 5 பூச்சி இருந்தால் உஷாராக வேண்டும், நடவடிக்கை எடுக்க வேண்டும். பால் பிடித்த பிறகு 100 கதிருக்கு 16 பூச்சி என்பது கணக்கு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது. இதற்குக் குறைவாக இருந்தால் மருந்துச் செலவு வீண் செலவு.

மணியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். பால் வந்தால் கவனிக்க வேண்டிய நேரம். மாவு போல வந்தால் கொஞ்ச நாள்தான் பாக்கி. கல் மாதிரி இருந்தால் இனிமேல் மருந்து அடித்துப் பயனில்லை. நடக்க வேண்டிய சேதம் நடந்து முடிந்துவிட்டது. நம் அக்கா செய்த தவறு இதுதான். நெல் முற்றிய பிறகு, கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடித்திருக்கிறார். பூச்சியின் பெயரைக் கடைக்காரரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. கடன் பணம்தான் கரைந்தது.

அருவாள்தான் முதல் மருந்து

இந்தப் பூச்சியைத் தடுப்பதில் பெண்களாகிய நமக்குத்தான் பெரிய பங்கு இருக்கிறது. களை எடுப்பது யார்? நாம். வரப்பில் மாட்டுக்குப் புல் அறுப்பது யார்? நாம். அந்த வேலையையே கொஞ்சம் நேரம் பார்த்துச் செய்தால் போதும்.

கதிர் விடாத புல்லில் இந்தப் பூச்சிக்கு நல்ல சாப்பாடு இல்லை. அதனால் வரப்பைச் சுரண்டி மொட்டையாக்க வேண்டியதில்லை. அப்படிச் செய்தால் வரப்பும் கரைந்து போகும், நமக்கு உதவும் சிலந்தியும் போய்விடும். புல் பூத்துக் கதிர் விடுவதற்கு முன்னால் அறுத்துக்கொண்டே வந்தால் போதும். இளம்புல் மாட்டுக்கும் நல்லது. குழுக் கடனில் மாடு வாங்கிய தோழிகளுக்கு இரட்டை லாபம்!

ஆனால் ஒன்று. நெல் பால் பிடித்த பிறகு போய் வரப்பை அறுத்தால் என்ன ஆகும்? புல்லில் இருந்த பூச்சியெல்லாம் நேராக நம் கதிருக்கு வந்துவிடும். வீட்டை இடித்துவிட்டுச் சோற்றுப் பானையைக் காட்டினது போல! அதனால் நெல் பொதிப் பருவத்தில் இருக்கும்போதே, அதாவது கதிர் வெளியே தலைகாட்டும் முன்னரே, வரப்பு வேலையை முடித்துவிட வேண்டும். சம்பா போடும் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு நடுவே இந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிடுகிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

வயலுக்குள் நிற்கும் குதிரைவாலிப் புல்லையும் கைக்களையின்போது விடாதீர்கள். அது நெல் மாதிரியே இருந்து ஏமாற்றும். நெல்லுக்கு முந்திக் கதிர் விட்டுப் பூச்சியை வயலுக்குள் விருந்துக்குக் கூப்பிடும்.

ஒரு வீடு செய்தால் போதாது

நம் வரப்பை மட்டும் அறுத்துவிட்டு, பக்கத்து வயல் வரப்பும் பொது வாய்க்கால் கரையும் இடுப்பளவு புல்லாக நின்றால் பயனில்லை. பூச்சிக்குப் பட்டா, சிட்டா தெரியாது! அதனால் வாய்க்கால் கரைப் புல்லை ஒரே வாரத்தில் எல்லோரும் சேர்ந்து அறுக்க வேண்டும்.

நடவும் அப்படித்தான். ஒரே பகுதியில் உள்ளவர்கள் முடிந்த வரை அடுத்தடுத்த நாட்களில் நட்டு முடித்தால், எல்லா வயலும் ஒன்றாகப் பூக்கும். இருக்கிற பூச்சி எல்லா வயலுக்கும் பிரிந்துபோகும், சேதமும் குறையும். ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் நட்டால் பூச்சிக்கு மாதக் கணக்கில் பால் கிடைக்கும். கடைசியாக நட்டவர் தலையில்தான் மொத்தப் பூச்சியும் விழும். பெரும்பாலும் குத்தகைக்காரரும் கூலி வேலைக்குப் போய்விட்டு வரும் நம்மைப் போன்றவர்களும்தான் கடைசியாக நடுகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் முறையையும் நடவு ஆளையும் குழுவில் பேசி வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

கையால் பிடிப்பது, வேம்பால் விரட்டுவது

சின்ன வயலுக்குக் கைவலையே போதும். பழைய கொசுவலைத் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து, ஒரு குச்சியில் கட்டுங்கள். அதிகாலையில் கதிரின் மேல் இலேசாக வீசிக்கொண்டே போனால் பூச்சி வலையில் விழும். சோப்புக் கரைத்த தண்ணீரில் கொட்டிவிடுங்கள். கை நாறும், கழுவினால் போய்விடும். வடகிழக்கு மாநில உழவர்கள் செத்த நண்டைக் குச்சியில் கட்டி வயலில் நட்டுவைப்பார்கள். அந்த வாடைக்கு நாவாய்ப்பூச்சி கூட்டமாக வந்து மொய்க்கும். அப்படியே பிடித்து அழித்துவிடுவார்கள்.

எண்ணிக்கை அளவைத் தாண்டினால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் தெளிக்கலாம். 10 லிட்டர் டேங்குக்கு இப்படிச் செய்யுங்கள்:

1. தோல் நீக்கிய வேப்பம் பருப்பு அரைக் கிலோவை இடித்துத் துணியில் மூட்டையாகக் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறப்போடுங்கள்.

2. மறுநாள் மூட்டையை நன்றாகப் பிழிந்து, பால் போன்ற சாற்றை வடிகட்டுங்கள்.

3. தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கி, 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துக் கலந்து, அன்றே மாலையில் தெளித்துவிடுங்கள்.

ஏக்கருக்கு 10 கிலோ பருப்பு, 200 லிட்டர் கரைசல் தேவைப்படும். பூக்கும்போது ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. வேம்பு பூச்சியை உடனே கொல்லாது, கதிரில் வாய் வைக்க விடாமல் செய்யும். அதனால் "அடிச்சும் சாகலையே" என்று பதற வேண்டாம். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பங்கொட்டையைப் பொறுக்கி நிழலில் காயவைத்தால் சம்பாவுக்குச் சரியாக இருக்கும். 8 மாதத்துக்கு மேல் பழசானால் வீரியம் குறைந்துவிடும்.

காலை நேரத்தில் நெல் பூ விரியும், தேனீ வரும். அப்போது எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது. வலை பின்னும் சிலந்தி, தட்டான், முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் குட்டிக் குளவி இவையெல்லாம் நமக்குச் சம்பளமில்லாத கூலியாட்கள். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான்.

ரசாயன மருந்து தேவை என்ற நிலை வந்தால் வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, உதவி வேளாண்மை அலுவலரிடமோ கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். வீட்டில் பழைய துண்டுப்பிரசுரம் இருந்தால் அதைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள். அதில் இருக்கும் எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. கார்பரில், பென்தியான், மீதைல் பாரத்தியான் ஆகியவற்றை 2018-ல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. மருந்தடித்த வரப்புப் புல்லை மாட்டுக்கு அறுத்துப் போடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுவோமா?

சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதுகிற தீர்மான நோட்டில் இந்த முறை இதையும் எழுதுங்கள்:

* எந்த வாரம் எல்லோரும் நடவு முடிப்பது?

* கதிர் வெளிவரும் முன் எந்த நாளில் வரப்பும் வாய்க்கால் கரையும் சேர்ந்து அறுப்பது?

* பூத்தது முதல் வாரம் இரண்டு தடவை 100 கதிர் எண்ணி நோட்டில் எழுதப் போகும் இரண்டு பேர் யார்?

* வேப்பங்கொட்டை யார் யார் எத்தனை கிலோ சேர்ப்பது?

இதற்கெல்லாம் காசு பெரிதாக வேண்டாம். ஒற்றுமைதான் வேண்டும். அது நம்மிடம் நிறையவே இருக்கிறது. அந்த அக்கா இந்தப் பட்டத்துக்கு மறுபடி குத்தகை எடுத்திருக்கிறார். மீதிக் கடனை அறுவடைக்குள் கட்டிவிட வேண்டும் என்று அவருக்குக் கவலை. அவர் வரப்பை அறுக்கிற அன்றைக்கு அவருடைய குழுவில் உள்ள எல்லோரும் அருவாளோடு போவதாக முடிவு செய்திருக்கிறார்கள். நாங்களும் போகப் போகிறோம்.

உங்கள் குழு எந்த நாளில் வரப்புக்குப் போகிறது தோழிகளே? புல் கதிர் விடும் முன்னால் முடிவு செய்யுங்கள்!